பிணை கிடைத்தும் மறியலில்

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவரோ, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்போரோ குற்றவியல் நீதித் துறையில் ஏதாவது தொண்டு செய்ய விரும்பினால் அவர்களுக்குக் காட்டப்படும் வழிகள் சிலவே. சிறைச்சாலைக்கு உடுப்பும் புத்தகமும் கொண்டுபோகலாம், பொங்கலுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தலாம், பாடசாலைகளில் சட்ட விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்கலாம். இவை எல்லாம் நல்ல காரியங்கள்தான். உள்ளே இருப்பவருக்கு வெளியிலிருந்து ஒரு முகம் வருவதே பெரிய ஆறுதல். ஆனால் குடாநாட்டின் நீதவான் நீதிமன்றங்களில் சந்தேகநபர்களுக்காக முன்னிலையாகும் சட்டத்தரணி என்ற முறையில் நான் வேறொரு இடத்தைக் காட்ட விரும்புகிறேன். பிணை பற்றிய கட்டளை பிறக்கும் அந்தச் சில நிமிடங்களும், கட்டளைக்கும் விடுதலைக்கும் இடையில் கழியும் நாட்களுமே அந்த இடம். மாணவரின் நேரம் அங்கே செலவானால் சீர்திருத்தத்துக்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற சட்டமே நடைமுறைக்கு வந்துவிடும்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இந்த நாட்டின் நல்ல சட்டங்களில் ஒன்று. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது அதன் வழிகாட்டும் கோட்பாடு. எப்போது மறுக்கலாம் என்பதையும் அது சொல்லியிருக்கிறது: சந்தேகநபர் நீதிமன்றத்துக்கு வராமல் போவார், சாட்சிகளைக் குலைப்பார், வெளியில் இருக்கும்போது மீண்டும் குற்றம் செய்வார், அல்லது குற்றத்தின் பாரதூரத்தால் பொதுமக்களிடையே கொந்தளிப்பு எழும் என்று நீதிமன்றம் கருதினால் மறுக்கலாம். பிணை என்றாலே காசு என்ற எண்ணத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. வருவேன் என்ற எழுத்து உறுதிமொழியில் விடலாம், சொந்த முறியில் விடலாம், பிணையாளிகளோடு விடலாம், காசு வைப்பிலும் விடலாம். சட்டம் இப்படி இருந்தும் நாட்டின் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியலில் இருப்போரின் தொகைதான் கூட. அண்மைய ஆண்டுகளில் சிறைகள் தம் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டோரை அடைத்து வைத்திருக்கின்றன. நீதவான்கள் இரக்கமற்றவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. என் தொழில் அனுபவத்தில் அது சரியான காரணம் இல்லை. கைதான 24 மணித்தியாலத்துக்குள் ஒருவர் நீதவான் முன் நிறுத்தப்படும்போது, அவரைப் பற்றி மன்றின் முன் இருக்கும் எழுத்து அநேகமாகப் பொலிஸார் தாக்கல் செய்யும் பீ அறிக்கை ஒன்றுதான். அதில் குற்றச்சாட்டு இருக்கும். அந்த மனிதர் எந்த ஊரில் எத்தனை வருடமாக இருக்கிறார், வீட்டில் யார் யார், எங்கே வேலை செய்கிறார், முந்திய வழக்கொன்றில் ஒழுங்காகத் தவணைக்கு வந்தவரா என்பவை இருக்கமாட்டா. மேல் நீதிமன்ற விளக்கத்தில் சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு மன்றே ஒருவரை நியமிக்கும். நீதவான் நீதிமன்றத்தின் முதல் நாளில் அப்படியான ஏற்பாடு இல்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் அதன் கதவைத் தட்டுவதற்கே வெளியில் ஓர் ஆள் வேண்டும். சட்டத்தரணி இருந்தாலும், கூண்டருகே நின்று இரண்டு நிமிடம் பேசிப் பெற்ற தகவலைத்தான் அவரால் மன்றுக்குச் சொல்ல முடியும். உறுதிப்படுத்தாத வார்த்தையை நம்பிப் பொறுப்பெடுக்க எந்த நீதவானும் தயங்குவார். அதனால் 14 நாள் தவணை விழுகிறது.

இரண்டாவது தடங்கல் கட்டளைக்குப் பிறகு வருகிறது. வெளியாருக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்: பிணை வழங்கப்பட்டும் உள்ளேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சரீரப் பிணையாளிகள் என்று கட்டளை வந்தால், அந்த இருவரும் கிராம அலுவலர் உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றோடு மன்றுக்கு வரவேண்டும். கிராம அலுவலர் அலுவலகத்தில் இருக்கும் நாளும், பிரதேச செயலகம் திறந்திருக்கும் நேரமும், மன்றின் பதிவாளர் பிணைமுறி எழுதும் நேரமும் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும். நெடுந்தீவில் இருப்பவர் பிணை நிற்க வேண்டுமானால் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும். படகு ஓடாத நாளில் அதுவும் இல்லை. கடற்றொழிலாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரு நாள் உழைப்பு போகும். பிணையாளியாகக் கையெழுத்து வைத்தால் நாளைக்குத் தனக்கும் வழக்கு வரும் என்ற பயம் வேறு. இந்த நிலை சட்டமியற்றியவர்களுக்குத் தெரியாததும் அல்ல. பிணை கொடுக்க முடியாமல் மறியலில் கிடப்பவர்களுக்கென்றே 1991ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், விளக்கமறியற் கைதிகளை விடுவிக்கும் சட்டம், நிறைவேற்றப்பட்டது. நீதவான் மாதந்தோறும் சிறைக்குச் சென்று, பிணை நிறைவேற்ற இயலாமல் தங்கியிருப்போரின் பட்டியலைப் பார்த்து அவர்களை விடுவிக்க வழி செய்வதே அதன் நோக்கம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, அம்பிகா சற்குணநாதன் ஆணையாளராக இருந்த காலத்தில் நாட்டின் சிறைகளை நேரில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட விரிவான அறிக்கையைப் படித்தால், வறுமை எப்படி ஒருவரைச் சுவருக்குள் பிடித்து வைக்கிறது என்பது விளங்கும். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகிறவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தண்டத்தைப் பகுதி பகுதியாகக் கட்டுவதற்கு மன்றிடம் அனுமதி கேட்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஆக, இரண்டு இடத்திலும் குறைவது ஒன்றுதான்: நேரம் உள்ள, ஓடித் திரியக்கூடிய, நம்பகமான ஒரு மூன்றாம் ஆள். அந்த ஆள் மாணவராக இருக்கலாம் என்பதற்கு உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது. 1961இல் நியூயோர்க் நகரில் லூயி ஷ்வைட்சர் என்ற தொழிலதிபரும் ஹேர்பேர்ட் ஸ்டேர்ஸ் என்ற இளம் சஞ்சிகையாளரும் சேர்ந்து மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள், கைதானவர்களை மன்றுக்கு எடுக்குமுன் சந்தித்து, வதிவிடம், குடும்பம், தொழில், முன்வழக்குகள் ஆகியவற்றை ஒரு படிவத்தில் கேட்டு எழுதினார்கள். பிறகு தொலைபேசியிலும் நேரிலும் உறவினர்களையும் வேலை கொடுத்தவர்களையும் விசாரித்து உறுதிப்படுத்தினார்கள். குறித்த புள்ளிகள் கிடைத்தவரைச் சொந்த உறுதிமொழியில் விடலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். தகுதி பெற்ற இன்னொரு பகுதியினருக்கு, ஒப்பிடுவதற்காகவே, பரிந்துரை கொடுக்காமல் விட்டார்கள். பரிந்துரை பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேர் விடுதலையானார்கள். பெறாதவர்களில் நூற்றுக்கு 16 பேர் மட்டுமே. ஆட்கள் ஒரே தரத்தவர்கள், சட்டமும் ஒன்றுதான். வித்தியாசம் ஒரு தாள். அப்படி விடுவிக்கப்பட்டவர்களில் வேண்டுமென்றே தவணைக்கு வராமல் விட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இந்த முடிவுகளே 1966ஆம் ஆண்டின் அமெரிக்க மத்திய பிணைச் சீர்திருத்தச் சட்டத்துக்கு அடிப்படையாயின. அந்நாடு பின்னர் காசுப் பிணைக்குள் திரும்பவும் ஆழமாகப் போய்விட்டது உண்மைதான். அந்தப் பிற்போக்கு மாணவர் கண்டுபிடித்ததைப் பொய்யாக்கவில்லை. நடைமுறை தளர்ந்தால் பழைய பழக்கம் திரும்பிவிடும் என்பதையே காட்டியது.

குடாநாட்டுக்கு இது பொருந்துமா என்றால், நியூயோர்க்கைவிட இங்கே நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று நீதவான் நீதிமன்றங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெரிய நகரத்தில் ஒருவருக்கு அயலவர் யாரென்றே தெரியாமல் இருக்கலாம். இங்கே ஒரு பெயரும் ஊரும் தெரிந்தால், சனசமூக நிலையத்திலோ கடற்றொழிலாளர் சங்கத்திலோ படித்த பாடசாலையிலோ அரை நாளில் விபரம் எடுத்துவிடலாம். சட்டத்தரணி ஒருவரின் மேற்பார்வையில், நாள் ஒன்றுக்கு இரண்டு மாணவர் ஒரு நீதிமன்றத்தில் இருந்தால் போதும். ஒருவர் படிவம் நிரப்புவார், மற்றவர் உறுதிப்படுத்துவார். உறுதிப்படுத்திய தாள் சட்டத்தரணியின் கைக்குப் போகும், அவர் அதை மன்றுக்குச் சமர்ப்பிப்பார். தண்டனை விதிக்குமுன் அறிக்கை பெறும் முறை 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயம்சார் சீர்திருத்தச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதால், மனிதரைப் பற்றிய அறிக்கை ஒன்றை வாசிப்பது நம் நீதிமன்றங்களுக்குப் புதிதும் அல்ல. பிணை கிடைத்த பின் உள்ள வேலை இன்னும் எளியது: பிணையாளிகளுக்கு எந்தத் தாள் வேண்டும் என்று விளக்குவது, கிராம அலுவலரைச் சந்திக்கக் கூடப்போவது, நிபந்தனை நிறைவேற்ற முடியாததாக இருந்தால் அதைக் குறைக்கும்படி விண்ணப்பிக்கச் சட்டத்தரணிக்கு நேரத்தோடு தெரிவிப்பது, அடுத்த தவணையை முதல்நாள் தொலைபேசியில் ஞாபகப்படுத்துவது. இந்த வேலைகளுக்குச் சட்டம் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை. சிங்களம் நன்றாகத் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தால் அவர் பொன். வடக்கின் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொன்னாலும், பொலிஸ் குறிப்புகளும் கொழும்பிலிருந்து வரும் கடிதங்களும் சிங்களத்தில் இருப்பது வழமை. தான் எதில் கையெழுத்து வைத்தேன் என்பதே தெரியாமல் மறியலுக்குப் போனவர்கள் உண்டு. புள்ளிவிபரவியல் மாணவர் படிவங்களைத் தொகுக்கலாம். மருத்துவ மாணவரால், காயத்தோடு வந்தவரைச் சட்ட மருத்துவ அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்கலாம் என்பதை அடையாளம் காண முடியும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் நான் மிகக் கனதியாக எடுப்பது வெளியிலிருந்து வருவதை அல்ல, நம் ஊரின் அமைப்பிலிருந்து எழுவதை. ஊரை விசாரித்து ஒருவரின் தகுதியைத் தீர்மானிப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் அது சாதியையும் வீட்டின் மதிப்பையும் விசாரிப்பதாக முடிந்துவிடாதா? ஆலய நிர்வாகசபைத் தலைவரின் நற்சான்று ஒருவருக்குக் கிடைக்கும், இன்னொருவருக்கு ஒருபோதும் கிடைக்காது. இடம்பெயர்ந்து முகாமிலும் பின்னர் குடியேற்றத் திட்டத்திலும் வாழ்ந்தவருக்கு இது நெடுங்காலச் சொந்த ஊர் என்று சொல்ல யார் வருவார்கள்? இந்த ஆபத்து உண்மையானது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு ஹன்டி பேரின்பநாயகம் போன்றோரின் தலைமையில் சாதிக்கெதிராக நின்று ஒரு நூற்றாண்டு ஆகியும் அந்த நோய் முழுதாகப் போகவில்லை. ஆகவே படிவத்தில் குணத்தைப் பற்றிய கேள்வியே இருக்கக் கூடாது. நல்லவரா, மரியாதையான குடும்பமா என்று யாரிடமும் கேட்கக் கூடாது. எங்கே படுத்தெழும்புகிறார், யாரைக் காப்பாற்றுகிறார், எங்கே வேலை, தொலைபேசி எண் எது, முந்திய தவணைகளுக்கு வந்தாரா என்பவை எவருக்கும் பொதுவானவை, சரிபார்க்கக் கூடியவை. வாடகை வீடும் முகவரிதான், நாட்கூலியும் தொழில்தான். நிரப்பிய படிவங்களை ஊர்வாரியாக அவ்வப்போது தொகுத்துப் பார்த்தால், எந்தக் குடியிருப்பு மக்களுக்குப் பரிந்துரை குறைகிறது என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். இன்றைய நிலையில் அந்தப் பாகுபாடு எவர் கண்ணிலும் படாமல் நடக்கிறது. எழுதி வைத்தால்தான் அதைப் பிடிக்கலாம்.

அனுபவமில்லாத பிள்ளைகள் கெடுதல் செய்துவிடுவார்கள் என்று சக சட்டத்தரணிகள் சொல்வதுண்டு. வழக்கின் உண்மைகளைக் கேட்டுப் பிறரிடம் சொல்லிவிடலாம், நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்று பொய் நம்பிக்கை கொடுக்கலாம், முகநூலில் பதியலாம். அதற்காகத்தான் எல்லை வேண்டும். குற்றம் நடந்ததா என்ற கேள்வி மாணவரின் வேலைக்குள் வராது. சந்தேகநபர் சொல்ல வந்தாலும் அதைச் சட்டத்தரணியிடம் சொல்லும்படி நிறுத்த வேண்டும். பெயரோடு எதுவும் வெளியே போகக் கூடாது. 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை முதல் நாளே வாசித்துக் காட்ட வேண்டும். மாணவரின் ஆற்றல் பற்றிய ஐயத்துக்கு இந்தியா பதில் சொல்லியிருக்கிறது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட மரணதண்டனை ஆய்வுக்காக, நாட்டில் அப்போது அத்தண்டனை பெற்றிருந்த 385 பேரில் 373 பேரைப் பற்றிய விபரங்கள் சேகரிக்கப்பட்டன. சிறைகளுக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கும் சென்று பேட்டி எடுத்தவர்களில் பெரும்பகுதியினர் மாணவர்கள். தூக்குமரத்தின் நிழலில் இருப்பவரோடு கண்ணியமாகப் பேச மாணவரைப் பயிற்றலாம் என்றால், சைக்கிள் களவுச் சந்தேகநபரின் முகவரியைச் சரிபார்க்கவும் பயிற்றலாம்.

பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுக் குற்றம் செய்தவருக்கு ஓடித் திரிகிறார்கள் என்ற கோபம் இன்னொன்று. இதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். வீட்டு வன்முறை வழக்கில் கணவனின் முகவரியைச் சரிபார்த்து அதே வீட்டுக்கு அனுப்பி வைப்பது தொண்டு ஆகாது. மன்ஹாட்டன் திட்டமும் கொலை போன்ற பாரதூரமான குற்றங்களைத் தொடக்கத்தில் விலக்கியே வைத்தது. இங்கும் பாலியல் குற்றங்களையும் வீட்டு வன்முறையையும் முதலில் எடுக்கக் கூடாது. ஆனால் கோபம் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும்போது என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலையை அடுத்து, அதே மாதம் 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதி கல்லெறிக்கு உள்ளானது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகி விளக்கமறியலுக்குப் போனார்கள். நியாயம் கேட்டு வீதிக்கு வந்த ஊரின் பிள்ளைகளுக்கே பிணை தேவைப்பட்டது. அவர்களின் தாய்மார் பிணையாளி தேடி அலைந்தார்கள். கொலை வழக்கோ முறையாக விளங்கப்பட்டு, 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. பிணை என்பது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. வழக்கு நடக்கும், சாட்சி வரும், குற்றம் நிரூபணமானால் தண்டனை கிடைக்கும். ஐஸ் பாவிக்கும் பெடியனை உள்ளே போட்டால்தான் ஊர் உருப்படும் என்று சொல்லும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். போதைப்பொருள் கட்டளைச் சட்டத்தின் கடும் பிரிவுகளில் பிணை வழங்க நீதவானுக்கு அதிகாரமே இல்லை, மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கும் மேலோதான் போகவேண்டும். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை, பாவித்தவனும் விற்றவனும் ஒரே நெரிசல் கூடத்தில் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே அவன் யாரிடம் பழகி வருவான் என்பதைப் பெற்றோர்தான் யோசிக்க வேண்டும்.

அரசு செய்யவேண்டியதை மாணவர் இலவசமாகச் செய்தால் அரசு கைகழுவிவிடும் என்ற வாதத்தை இடதுசாரி நண்பர்கள் முன்வைப்பார்கள். நடந்த வரலாறு மறுபக்கம் நிற்கிறது. 1841இல் பொஸ்டன் நகரில் ஜோன் ஓகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, குடித்ததற்காகக் கைதானவர்களுக்குத் தானே பிணை நின்று தொடங்கியதுதான் பின்னாளில் நன்னடத்தைத் திணைக்களமாக வளர்ந்தது. மன்ஹாட்டன் திட்டத்தை 1964இல் நியூயோர்க் நகரின் நன்னடத்தைத் துறையே பொறுப்பேற்றது. மும்பையில் டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் 1990இல் பிரயாஸ் என்ற களப்பணியைத் தொடங்கி, சமூகப்பணி மாணவரைச் சிறைகளோடு இணைத்தது. சிறைக்குள் சமூகப் பணியாளர் வேண்டும் என்று அவர்களால் அனுபவத்தோடு கேட்க முடிந்தது. செய்து காட்டாத ஒன்றைத் திணைக்களத்திடம் கேட்டால் நிதி இல்லை என்ற பதில் வரும். செய்து காட்டி, இத்தனை மறியல் நாட்கள் மிச்சம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பதிலைச் சொல்வது கஷ்டம். மாணவர் படிப்பை முடித்துப் போகிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆண்டுதோறும் புதுக் கைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சுமை இருக்கும். அதனாலேயே இது நிரந்தரமாக மாணவர் தலையில் இருக்கக் கூடாத வேலை.

கடைசியாக, பெற்றோர் உரத்துச் சொல்லாத பயம். பொலிஸ், நீதிமன்றம், மறியல் என்றால் தன் பிள்ளை ஒதுங்கி நிற்கட்டும் என்று தாய் நினைப்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து இறந்தவர்கள் யாழ் பல்கலைக்கழக மாணவர் இருவர். 2019 மே மாதம் பல்கலைக்கழகத்தில் நடந்த தேடுதலின்போது மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த இளைஞர் உயிரிழந்தார். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் இதே வரலாற்றில், 2018 ஒக்டோபரில் தமிழ் அரசியல் கைதிகளுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் சிறைவரை நடந்துபோன மாணவரும் இருக்கிறார்கள். அவர்களின் நடை நாட்டின் கவனத்தைத் திருப்பியது. நான் சொல்லும் வேலைக்கு அவ்வளவு துணிச்சல் தேவையில்லை, பொறுமை அதைவிடக் கூடத் தேவை. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகள் பிணைச் சட்டத்துக்கு வெளியே நிற்பதால் அவை மாணவரின் படிவத்துக்குள் வரவும் மாட்டா, அது அனுபவமுள்ள சட்டத்தரணிகளின் களம். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. பின்வாங்கில் அமர்ந்து பார்ப்பதற்கு எவரின் அனுமதியும் வேண்டியதில்லை. சந்தேகநபரோடு பேசுவதற்கு மட்டும் சட்டத்தரணியின் பெயரும், பல்கலைக்கழகத்தின் கடிதமும், சட்ட உதவி ஆணைக்குழுவின் இணக்கமும் இருக்க வேண்டும். தனியாக எந்த மாணவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போகக் கூடாது.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு நீதிமன்றத்தைத் தெரிவுசெய்தால் போதும். தீவக மக்களின் அலைச்சலை நினைத்தால் ஊர்காவற்றுறையே பொருத்தம் என்பேன். அதற்கு முன் ஒரு கடிதம் எழுத வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ், பிணைக் கட்டளை கிடைத்தும் யாழ்ப்பாணச் சிறைச்சாலையில் இன்று இருப்பவர்கள் எத்தனை பேர், கட்டளை பிறந்து எத்தனை நாள், நிறைவேறாத நிபந்தனை எது, தண்டப்பணம் கட்ட முடியாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடைசியாக எப்போது பட்டியல் கொடுக்கப்பட்டது என்று சிறைச்சாலைத் திணைக்களத்திடம் கேட்கலாம். பெயர்கள் வேண்டாம், தொகைகள் போதும். அந்தக் கடிதத்தில் இலங்கைப் பிரஜை ஒருவர் கையெழுத்து வைத்தாலே செல்லும்.